ஆறில் ஒன்றை எடுத்த கை

மேஜை மேல் ஒரு மனிதரின் பை தலைகீழாகக் கொட்டப்பட்டுக் கிடந்தது.

சாப்பாட்டு டப்பா, மடித்த கைக்குட்டை, சீப்பு, மாத்திரை அட்டை, பழைய ஹெட்போன். இத்தனைக்கும் நடுவில் தோல் நிறத்தில், வளைந்த ஒரு சின்னச் சாமான். நான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது. ஒட்டுக் கேக்கிற கருவி. ஆளு பெரிய உளவாளி போல."

யாரும் சிரிக்கவில்லை. அந்த எடிட்டிங் ஸ்டூடியோவின் முதலாளியம்மா தரையைப் பார்த்தார்.

"அது காது மெஷின்," என்றார். "எங்க சவுண்டு இன்ஜினியரோடது. அவருக்குக் காது சரியாக் கேக்காதுங்கிறதே காலையில பையைக் கொட்டினப்பதான் எங்களுக்குத் தெரியும்."

எடுத்த இடத்திலேயே அதை வைத்தேன். வாய் மட்டும் இல்லையென்றால் உன்னை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று என் அம்மா சொல்வாள். அந்த நிமிஷம் அந்த நாய் வந்து வாயை மட்டும் கொண்டுபோயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் அண்ணனின் மனைவி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் துப்பறிய வந்தபோது, வண்டி ஓட்டவும் வாய் பேசவும் ஒரு ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டாள். இரண்டில் வண்டி ஓட்டுவதை மட்டும்தான் இதுவரை அவள் பாராட்டியிருக்கிறாள்.

"பையில டிஸ்க் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம்."

"அப்புறம் எப்படி அவர்தான்னு சொல்றீங்க?"

"வேற யாரு? ஸ்டூடியோ சாவி எங்கிட்ட ஒண்ணு, என் பொண்ணு, மாப்பிள்ளை, அவரு. வீட்டு ஆளுங்க எங்க சொத்தை நாங்களே திருடுவோமா?" முதலாளியம்மாவின் குரல் ஏறியது. "ஒரு படத்தோட மொத்த ஷூட்டிங்கும் அந்த மெஷின்ல இருந்துச்சு. கேமரா கார்டை எல்லாம் அழிச்சு அடுத்த வேலைக்கு அனுப்பியாச்சு. காலையில வந்து போட்டா படமே இல்ல, ஒரு டிஸ்க்கைக் காணோம். சாயங்காலம் டைரக்டர் வர்றார். அதுக்குள்ள அவர்தான் எடுத்தார்னு நீங்க உறுதியா எழுதிக் கொடுத்தா, நேரா போலீசுக்குப் போயிடுவேன்."

"பையை யார் கொட்டினது?"

ஏறிய குரல் இறங்கியது. "நான்தான்."

"தனியா கூப்பிட்டா?"

"டப்பிங் பேச வந்தவங்க இருந்தாங்க. பத்துப் பேர் இருப்பாங்க. கோபத்துல..." மேஜையைப் பார்க்காமலே கையை நீட்டிக் காட்டினார். "அது விழுந்ததும் எல்லாரும் அதையே பார்த்தாங்க. அவர் ஒரு வார்த்தை பேசல. எதையும் எடுக்காம இறங்கிப் போயிட்டார்."

சத்தத்தைத் தொழிலாகக் கொண்ட மனிதர், காது போய்க்கொண்டிருப்பதை யாருக்கும் தெரியாமல் பைக்குள் மறைத்து வைத்திருந்தார். அதைப் பத்துப் பேர் பார்க்கக் கொட்டிவிட்டார்கள். அவர் திருடனோ இல்லையோ, அந்த மேஜை பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூசியது.

"மெஷினைக் காட்டுங்க," என்றாள் அண்ணி.

மெஷின் இருந்த அறை எலிப்பொந்து அளவுதான், ஆனால் ஏ.சி. பல்லைக் கிட்டவைத்தது. இடுப்புயரக் கறுப்புப் பெட்டி. முன்பக்கம் ஆறு இழுப்புத் தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. வாசலிலேயே மாப்பிள்ளை நின்றிருந்தான். முதலாளியம்மாவின் ஒரே மகளைக் கட்டியவன். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, பேச்சில் ஒரு சந்தேகம் கிடையாது. அண்ணி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டான்.

"கீழ இருக்கிற நாலும் பழைய ஹார்ட் டிஸ்க் மேடம். உள்ள தகடு சுத்தும். மெதுவா இருக்கும், ஆனா நிறைய புடிக்கும். பழைய படமெல்லாம் அதுலதான், ரொம்பி வழியுது. அதைத் தொடாம, அதுக்கு மேலயே புதுசா ரெண்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். சுத்துற தகடே கிடையாது, பயங்கர வேகம். ரெண்டையும் ரெய்டுல கோத்தேன்."

"ரெய்டுன்னா இன்கம்டாக்ஸா?" என்றேன்.

"ரெண்டு டிஸ்க்கை ஒரே டிஸ்க் மாதிரி சேர்ந்து வேலை செய்ய வைக்கிறது சார். அதுல நான் போட்டது மிரர். கண்ணாடி. இதுல எழுதறதை அதுலயும் அப்படியே எழுதும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். எது போனாலும் கவலை இல்ல. ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒண்ணைப் பிடுங்கினாக்கூடப் படம் நிக்காது. இதை முதல் நாளே எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னேன்."

"பிடுங்கியாச்சு," என்றாள் அண்ணி. "நின்னுடுச்சே?"

மாப்பிள்ளை பெட்டியைப் பார்த்தான். "அது... எடுத்தவருக்கு முறையா எடுக்கத் தெரியல மேடம். அதுல இன்னொண்ணும் கெட்டுப்போச்சு."

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. மகள். எடிட்டிங் மேஜையில், அணைந்துபோன திரைக்கு முன்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டிஸ்க் விஷயமெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அவர் சொல்றதுதான்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை.

அண்ணி குனிந்து ஆறாவது தட்டை இழுத்தாள். காலி. ஆனால் தட்டின் அடியில் ஒரு துண்டு செலோ டேப், அதற்குள் நான்கு குட்டித் திருகாணிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து: 'பழசு - கீழே நாலு தட்டு. புதுசு - மேலே ரெண்டு தட்டு, மொத்தம் 4 டெரா இடம்.'

"யாரு எழுதினது?"

"நான்தான்," என்றான் மாப்பிள்ளை, பெருமையாக.

அலமாரியில் புது டிஸ்க்குகள் வந்த அட்டைப்பெட்டிகள் இரண்டும் இருந்தன. அண்ணி ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"சவுண்டு இன்ஜினியருக்கு மாப்பிள்ளையைக் கண்டாலே ஆகாது மேடம்," என்றார் முதலாளியம்மா, அவசரமாக. "இதை மாட்டின அன்னைக்கே வம்பு. எல்லார் முன்னாடியும், 'நாலுன்னு எழுதியிருக்கீங்க, கண்ணாடின்னு சொல்றீங்க, நான் நம்ப மாட்டேன் மாப்பிள்ளை'ன்னு சொன்னார். மாப்பிள்ளைக்கு முகமே செத்துப்போச்சு. நான்தான் அவரை அடக்கினேன். அந்தப் பொறாமைதான், வேறென்ன?"

"அப்படியே அந்த வார்த்தையைத்தான் சொன்னாரா? நம்ப மாட்டேன்னு?"

"அப்படியேதான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள் அண்ணி. யாருக்கு நல்லது என்று சொல்லவில்லை.

படியில் இறங்கும்போது நான் கேட்டேன். "என்ன அண்ணி, ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"தம்பி, ரயில்ல ரெண்டு விதமான ஆளுங்க உண்டு. டிக்கெட்டே வாங்காதவங்க என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்க. பொய் டிக்கெட் வெச்சிருக்கிறவங்க நான் கேக்கிறதுக்கு முன்னாடியே நீட்டுவாங்க."

"இங்க யார் எது?"

"முதல்ல அந்த டிக்கெட்டைச் செக் பண்ணலாம். வண்டியை எடு."

அட்டைப்பெட்டியில் கடை முத்திரை இருந்தது. இரண்டு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒடுங்கியிருந்த கம்ப்யூட்டர் கடை. கல்லாவுக்குப் பின்னால் பிரித்துப் போட்ட லேப்டாப்புகளுக்கு நடுவே கடைக்காரர் தலை மட்டும் தெரிந்தது.

"ஸ்டூடியோ மாப்பிள்ளையா? தெரியுமே. ரெண்டு டெரா எஸ்.எஸ்.டி. ரெண்டு வாங்கினார். அன்னைக்கே நான் சொன்னேன், கண்ணாடி போடறதா இருந்தா இது பத்தாதுன்னு. எனக்கே பாடம் எடுத்துட்டுப் போனார்."

"ஏன் பத்தாது?" என்றாள் அண்ணி.

கடைக்காரர் கல்லாவிலிருந்து இரண்டு பில் புக்கை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்தார். "கண்ணாடின்னா, இதுல எழுதற பில்லையே அதுலயும் எழுதறது. ஒரு புக்கு தொலைஞ்சாலும் கவலையில்ல. ஆனா ரெண்டு புக்கு இருந்தும் ஒரு புக்கு கணக்குதான் எழுத முடியும். ரெண்டு டெரா ரெண்டு போட்டா, ரெண்டுதான் காட்டும். கண்ணாடி முன்னாடி நீங்க நின்னா வீட்டுல ஆள் கூடிடுமா?"

"எங்க அண்ணன் நின்னா கூடும். தொப்பை அப்படி," என்றேன்.

"நாலு காட்டினா?" அண்ணி என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"அப்ப அது கண்ணாடியே இல்ல. ஒரு வரியை இந்தப் புக்குல, அடுத்த வரியை அந்தப் புக்குல எழுதற முறை. இடமும் ரெட்டிப்பு, வேகமும் ரெட்டிப்பு. ஆனா ஒரு புக்கு போச்சுன்னா மிச்சம் இருக்கிறதுல பாதிப் பாதிதான் இருக்கும். ஒரு படம்கூடத் திறக்காது."

"போன புக்கு திரும்பி வந்தா?"

"அதே தட்டுல சொருகினா பிழைச்சுக்கும். நடுவுல யாரும் கை வைக்காம இருந்தா. தனியா ஒரு டிஸ்க்கை வீட்டுல மாட்டினா கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் புரியாது. 'துடைச்சுப் புதுசாக்கட்டுமா'ன்னு கேக்கும். வேண்டாம்னு சொல்லிட்டா தப்பிச்சுது. சரின்னு அமுக்கிட்டா ஊத்தி மூடிட வேண்டியதுதான்." கடைக்காரர் பில் புக்கைத் திரும்பக் கல்லாவில் போட்டார். "சரியாக் கண்ணாடி போட்டவங்களும் வந்து அழறாங்க மேடம். தெரியாம ஒரு ஃபைலை அழிச்சுடறாங்க. இன்னொரு டிஸ்க்ல அது இருக்கும்னு நினைக்கிறாங்க. நெத்தியில பொட்டை அழிச்சா, கண்ணாடியில மட்டும் பொட்டு இருக்குமா?"

அண்ணி எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. துப்புக் கிடைத்தால் புடவைத் தலைப்பைச் சுழற்றிச் செருகுவாள். இப்போது தோளோடு போர்த்திக்கொண்டாள்.

ஸ்கூட்டரில் நான்தான் பேசினேன். "பொய் டிக்கெட் மாப்பிள்ளைதான். நாலு காட்டுது, கண்ணாடின்னு கதை விட்டிருக்கான். அதை மறைக்கத் தானே எடுத்து ஒளிச்சுட்டான். சரியா?"

"தம்பி, ஒண்ணை எடுத்தா மொத்தமும் படுத்துடும்னு நல்லாத் தெரிஞ்ச ஆளு அவன். குட்டு உடையக் கூடாதுன்னு நினைக்கிறவன் தானே போய் உடைப்பானா?"

"அப்ப சவுண்டுதானா?"

"அவர் நம்பவே இல்லையே. முதலாளியம்மா அதைக் குற்றமாச் சொன்னாங்க. எனக்கு அது சாட்சியா இருக்கு. கண்ணாடி இல்லைன்னு தெரிஞ்சவர் படத்தைத் திருடணும்னா ரெண்டையும் எடுத்திருப்பார்."

"படத்தைக் கெடுக்கணும்னு நினைச்சிருந்தா? அதுக்கு ஒண்ணு போதுமே."

"கெடுக்கிறவங்க நாலு திருகாணியை டேப் போட்டு ஒட்டி வெச்சுட்டுப் போவாங்களா? திரும்ப மாட்டப் போறவங்கதான் வெப்பாங்க."

சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். எனக்கு மெல்ல உறைத்தது. ஆறு டிஸ்க் இருந்த பெட்டியில் ஒன்றை மட்டும் எடுத்தவர், அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வராது என்று நினைத்திருக்கிறார். இன்னொன்றில் எல்லாம் அப்படியே இருக்கும், படம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நினைத்திருக்கிறார். மாப்பிள்ளை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நம்பியிருக்கிறார்.

"அண்ணி, அந்த ஸ்டூடியோவில அவன் பேச்சை அவ்வளவு தூரம் நம்புற ஆளு..."

"பச்சை விழுந்துடுச்சு, வண்டியைப் பாரு," என்றாள்.

நாங்கள் திரும்பியபோது மூன்று பேரும் எடிட்டிங் அறையில் இருந்தார்கள். முதலாளியம்மா போலீசுக்குக் கொடுக்கப் புகார் எழுதத் தாள் எடுத்து வைத்திருந்தார். மேஜையில் அந்தப் பை இன்னும் அப்படியே கொட்டிக் கிடந்தது. அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை போலும்.

அண்ணி மெஷின் அறை அலமாரியிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளையும் எடுத்து வந்து மாப்பிள்ளையிடம் கைக்கொன்றாகக் கொடுத்தாள்.

"வலது கையில எத்தனை டெரா?"

"ரெண்டு."

"இடது கையில?"

"ரெண்டு மேடம். எதுக்கு..."

"கண்ணாடி போட்டா எத்தனை?"

 மாப்பிள்ளையின் கண் தானாகவே, திறந்திருந்த கதவு வழியாக, மெஷின் அறையில் அவன் எழுதிய ஸ்டிக்கர் பக்கம் போனது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மாப்பிள்ளை கேக்கிறாங்க இவங்க?" என்றார் முதலாளியம்மா.

"அத்தை..." அவன் பெட்டிகளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். "நீங்க நாலு டெரா இடமும் வேணும்னீங்க. பத்திரமாவும் இருக்கணும்னீங்க. இந்த ரெண்டு டிஸ்க்கை வெச்சு அது ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. அப்பவே சொல்லியிருக்கணும். 'எங்க மாப்பிள்ளைக்குத் தெரியாதது இல்ல'ன்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டீங்க. எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சு. அடுத்த மாசம் இன்னும் ரெண்டு வாங்கிச் சரி பண்ணிடலாம்னு..."

"அப்ப சவுண்டு அன்னைக்குச் சொன்னது?"

"சரிதான் அத்தை."

"இன்னைக்குக் காலையில பையைப் பார்த்துடலாம் அத்தைன்னு நீங்கதானே மாப்பிள்ளை சொன்னீங்க?"

அவன் கழுத்து வரைக்கும் சிவந்து, பெட்டிகளோடு தலை குனிந்தான். இஸ்திரி போட்ட சட்டைக்குள் ஆள் சுருங்கிப்போனான்.

"அப்ப டிஸ்க்கை எடுத்ததும்..." முதலாளியம்மா ஆரம்பித்தார்.

"இல்லம்மா. அவர் இல்ல," என்றாள் அண்ணி. "எடுத்தவங்க யாராயிருந்தாலும் கெட்ட எண்ணத்துல எடுக்கல. ஆனா ஒரு விஷயம். அந்த டிஸ்க்கை வீட்டுல தனியா மாட்டியிருப்பாங்க. கம்ப்யூட்டர் 'இதைத் துடைச்சுப் புதுசாக்கட்டுமா'ன்னு கேட்டிருக்கும். பயத்துல சரின்னு அமுக்கியிருந்தா, மொத்தப் படமும் போச்சு. யாராலயும் மீட்க முடியாது. அமுக்கியிருப்பாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"இல்ல! நான் வேண்டாம்னுதான் அமுக்கினேன்!"

சொல்லிவிட்டு மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மடியில் இருந்த கைப்பை சரிந்தது.

 முதலாளியம்மா மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"பாலத்துச் சீனை நேத்து நான் தெரியாம அழிச்சுட்டேன்மா," என்றாள் மகள். அழுகையில் பாதி வார்த்தை உடைந்தது. "பழசுன்னு நினைச்சு மொத்த ஃபோல்டரையும் தூக்கிட்டேன். உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. இவர்தான் சொல்லியிருக்காரே, எது போனாலும் இன்னொண்ணுல இருக்கும்னு. அந்த இன்னொண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், சீனை எடுத்துக்கிட்டு, காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி மாட்டிடலாம்னு பார்த்தேன். வீட்டுல இவர் தூங்கினப்புறம் மாட்டினா ஒண்ணுமே வரல. பயந்து ஓடி வந்தா, நீங்க எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க."

"பையைக் கொட்டினப்ப நீ இங்கதானேடி நின்னுட்டு இருந்தே?"

"ஆமா."

"டிஸ்க் எங்க இருந்துச்சு?"

மகள் கைப்பையைத் திறந்தாள். பூப்போட்ட துணியில் சுற்றி, குழந்தையைப் பொதிந்த மாதிரி பொதிந்து வைத்திருந்தாள். சவுண்டு இன்ஜினியரின் பை மேஜையில் கவிழ்ந்தபோது, திருட்டுப்போன டிஸ்க் நான்கடி தள்ளி அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் காது மெஷின் உருண்டு வந்து நின்றதை அவளும் பார்த்திருக்கிறாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லணும்னுதான் நினைச்சேன்," என்றாள். "ஒவ்வொரு நிமிஷமும் நினைச்சேன். நிமிஷம் போகப் போக இன்னும் கஷ்டமாயிடுச்சு."

புருஷனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனும் அவளைப் பார்க்கவில்லை. பொய் சொன்னவனுக்கும் வெட்கம், அந்தப் பொய்யை நம்பியவளுக்கும் வெட்கம். ஒரே வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்.

மாப்பிள்ளை டிஸ்க்கை வாங்கி, மெஷின் அறைக்குப் போய், ஆறாவது தட்டில் வைத்தான். டேப்பைப் பிரித்துத் திருகாணிகளை முடுக்கும்போது ஒன்று கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாயில் ஒரு ஜோக் வந்தது, விழுங்கிவிட்டேன். தட்டைத் தள்ளினான், மெஷினைப் போட்டான். திரையில் பழைய நாலு டிஸ்க்கும் வரிசையாக வந்தன. கொஞ்சம் தயங்கி, அவற்றுக்குக் கீழே புதுசும் வந்தது.

படம் இருந்தது. பாலத்துச் சீன் மட்டும் இல்லை.

"அதை மறுபடி எடுக்கணும். டைரக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்," என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "நானே சொல்றேன்மா."

முதலாளியம்மா மேஜை அருகே போனார். டப்பாவை எடுத்தார், கைக்குட்டையை மறுபடி மடித்தார், சீப்பு, மாத்திரை, ஹெட்போன் என்று ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். காது மெஷினுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அண்ணி அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவருக்கு ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்டுடறேன் மேடம்."

"போன்ல பேசினா அவருக்கு எப்படிம்மா கேக்கும்?" என்றாள் அண்ணி. "வாங்க, நேரா போகலாம்."

சவுண்டு இன்ஜினியரின் வீடு ஒரு நெருக்கமான சந்தில் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு இஸ்திரி வண்டி, அந்தப் பக்கம் மாடியில் துணி காயப்போடும் பெண்கள், நடுவே சைக்கிள் பழகும் பிள்ளைகள். முதலாளியம்மாவின் கார் உள்ளே நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. கதவைத் தட்டினோம். பிறகு காலிங் பெல்லை அழுத்தினோம். பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன்.

வந்து கதவைத் திறந்தார். ஐம்பது தாண்டியவர். காலையில் போட்டிருந்த சட்டையையே மாற்றாமல் இருந்தார். முதலாளியம்மாவைப் பார்த்ததும் பின்னால் போலீஸ் வருகிறதா என்று சந்து முனையைப் பார்த்தார்.

முதலாளியம்மா பையை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"தப்பு எங்க மேலதான்," என்றார் முதலாளியம்மா. உதடுதான் அசைந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. "நீங்க எடுக்கல. என் பொண்ணுதான் எடுத்தா. என்னை மன்னிச்சுடுங்க."

அவர் புருவத்தைச் சுருக்கினார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"மெஷின் இல்லம்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

முதலாளியம்மா அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணியின் கைப்பை அவள் கக்கத்தில் இருந்தது. அண்ணி அதைத் திறக்கவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களை வேடிக்கை பார்த்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்க," என்றார் முதலாளியம்மா, கொஞ்சம் உரக்க. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கேக்கல."

முதலாளியம்மாவின் முகம் கன்றியது. காரும் ஸ்டூடியோவும் வைத்திருக்கிற அம்மா, நடுச்சந்தில், முன்பின் தெரியாதவர்கள் பார்க்க நின்றுகொண்டிருந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு கால் பின்னால் கூடப் போனது. பிறகு பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"நீங்க திருடல! திருடினது எங்க வீட்டுலயே இருந்துச்சு! பத்துப் பேர் முன்னாடி உங்களைத் திருடன்னு சொன்னேன், உங்க பையைக் கொட்டினேன்! நான் பண்ணினது பெரிய தப்பு! என்னை மன்னிச்சுடுங்க!"

சைக்கிள் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மாடியிலிருந்து ஒருத்தி கையில் ஈரத்துணியோடு கைப்பிடிச் சுவர் ஓரம் வந்தாள். முதலாளியம்மா அழுதுகொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணி கைப்பையைத் திறந்தாள். சவுண்டு இன்ஜினியர் காது மெஷினை வாங்கி, முதலாளியம்மா பிடித்திருந்த பைக்குள் துழாவிக் கைக்குட்டையை எடுத்து, அதைத் துடைத்து, எல்லோரும் பார்க்கவே காதில் மாட்டிக்கொண்டார். மறைக்கவில்லை.

"முதல் தடவையே புரிஞ்சுடுச்சும்மா," என்றார் அமைதியாக. "உதட்டசைவைப் பார்த்து வார்த்தையைப் பொருத்தறதுதானே இத்தனை வருஷமா என் தொழில்."

முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அப்புறம் ஏன் என்னை இப்படித் தெருவே பார்க்க..."

அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பையை நீங்க மெதுவாக் கொட்டலையேம்மா."